வேம்பு என்று சொன்ன நிலை

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். அந்த மலேசிய மழைக்காட்டில் நீ காய்ச்சல் இல்லாமல், அட்டைக்கடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கோபுரம் தெரிகிற பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். தினம் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லையம்மா, இரண்டு முறை ஆரம்பித்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை புது வீட்டுக்குத் தலைவாசல் நிலை வைத்தோம். அம்மா மஞ்சள் குங்குமம் இட்டு மாவிலை கட்டினாள், அடி அண்ணாமலை ஊரிலிருந்து அத்தை வந்து ஆரத்தி எடுத்தாள். அன்று சாயங்காலம் நீ அனுப்பிய வீடியோவை அம்மா போட்டாள். இருவாச்சி ஆண்பறவை வாயில் பழத்தோடு வந்து, கூடு இருந்த பெரிய மரம் நின்ற இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. பொந்துக்குள் அடைந்திருந்த பெட்டையும் குஞ்சும் வெட்டின மரத்தோடு போய்விட்டன என்கிறாய். பெரிய மரம் இல்லாவிட்டால் பொந்து இல்லை, பொந்து இல்லாவிட்டால் பறவை இல்லை, பறவை இல்லாவிட்டால் விதையைத் தூரம் கொண்டுபோக ஆள் இல்லை, அப்புறம் காடு எப்படித் திரும்பி வரும் என்று சொல்லும்போது உன் குரல் உடைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நீயே போன் செய்து, நிலை என்ன மரம்ப்பா என்று ஆசையாகக் கேட்டாய். நம்ம கொல்லை வேம்புதான்மா என்றேன். அது பொய். வேம்பு பின்வாசலுக்குத்தான் போயிற்று, தலைவாசலில் நிற்பது மலேசியா மரம்.

மரக்கடையில் கண்ணாயிரம் ஆசாரி நாலைந்து மரத்தைத் தட்டிக் காட்டினார். மலேசியா என்று காதில் விழுந்ததும் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. என் பெண் இருக்கிற ஊர் மரம், அவளே வாசலில் நிற்கிற மாதிரி இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டு வாங்கி வந்தேன். நீ அங்கே எதற்காக இருக்கிறாய் என்பது அந்த நேரம் புத்தியில் உறைக்கவே இல்லை. வெட்டின காட்டில் கன்று நடுகிற பெண்ணுக்கு, காட்டை வெட்டி எடுத்த மரத்திலேயே வாசல் வைத்திருக்கிறேன். பொண்ணுகிட்டயே ஏங்க பொய் சொன்னீங்க, உள்ளத சொல்லி ஒத்துக்கினு இருக்கலாம் இல்லன்னு அம்மா கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நிலையை எடுத்துவிடலாமா என்று ஆசாரியைக் கேட்டேன், பூஜை போட்டத பேர்க்கக் கூடாதுங்க, குடும்பத்துக்கு ஆகாதுன்னார். எடுத்தாலும் வெட்டின மரம் துளிர்க்கவா போகிறது. எந்தக் காட்டு மரம் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. உன் காடாக இருக்காது என்று மனதைத் தேற்றப் பார்க்கிறேன், வேறு காடாக இருந்தால் மட்டும் அங்கே பறவை இல்லையா. சின்ன வயதில் நம் மலைப் புல்லில் தீ பிடித்தால் உனக்குச் சோறு இறங்காது, மழை வந்தால் முளைத்துவிடும் என்று சொல்லி ஊட்டுவேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு வருவாய்தானே. திட்டுவதானால் வந்து திட்டு, வராமல் மட்டும் இருந்துவிடாதே. அந்தத் தலைவாசலில் நுழையப் பிடிக்காவிட்டால் பின்வாசல் வழியாக வா, உறவுக்காரர்கள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நனைந்த காலுறையை அன்றன்றே காயவை, ஈரத்தோடு மாட்டாதே. நீயும் நீ நடுகிற கன்றுகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வருகிறவர்கள் யாரும் குனிய வேண்டாம் என்று நிலையை ஏழடிக்கு மேல் வைக்கச் சொன்னேன். நான் மட்டும் குனிந்துதான் போகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
இராமலிங்கம்