ரேணுகாவின் கடைசிக் கேள்வி

திருவண்ணாமலை
2.8.2008

அன்புள்ள சக்கரபாணி மச்சானுக்கு,

இளஞ்செழியன் எழுதுகிறேன். மஸ்கட்டில் வெயில் எப்படி? நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். மெயில் அனுப்ப உட்கார்ந்தால் விரல் ரேணுகாவின் பாஸ்வேர்டையே அடிக்கிறது. அதனால்தான் பேப்பர்.

உங்கள் தங்கை போய் மூன்று மாதமாகிறது. அவள் பால்வாடி டீச்சர்களுக்கு நடத்திய இணைய வகுப்பை நான் நிறுத்தவில்லை. முப்பது பேர், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படிக்கிறவர்கள். யாரும் அவளை நேரில் பார்த்ததில்லை. கலந்துரையாடல் பக்கத்தில் அவள் கேள்வி போடுவாள். மென்பொருள் என் வேலை. இப்போது கேள்வியும் நான்தான். "குழந்தை வளர்ச்சி நிலைகளை விளக்குக" என்று போட்டேன். எல்லாரும் ஒரே பதிலை வெட்டி ஒட்டினார்கள். தன் பதிலை எழுதினால்தான் அடுத்தவர் பதில் தெரியும்படி பூட்டு வைத்தேன். அடுத்த வாரம் மொத்தமே நான்கு பதில்.

இந்தப் பூட்டு யோசனையை நான் முன்பு சொன்னபோதே அவள் வேண்டாமென்றாள். "பயந்தவங்க மொதல்ல மத்தவங்க எழுதுனத பாக்கணுங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கண்ணன் பேசுனப்புறந்தான நீங்களே வாயத் தொறந்தீங்க?" என்று சிரித்தாள்.

அவளுடைய கடைசிக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வருகிறது. "இன்னைக்கு உங்க பால்வாடியில யாரு அழுதாங்க? நீங்க என்ன பண்ணீங்க?" நூற்றுப் பன்னிரண்டு பதில்கள். புதிய பதில் வந்தால் அந்தக் கேள்வி மேலே ஏறும்படி நான்தான் செய்து வைத்தேன். தினமும் திறந்ததும் அவள் பெயர்தான்.

மச்சான், ஒரு தப்பு செய்துவிட்டேன். கீழ்பென்னாத்தூர் காசியம்மாள், "இன்னா டீச்சர், கோவமா? ஆளையே காணோம்"னு கேட்டிருந்தார். ரேணுகா பெயரில் உள்ளே போய், "இல்லம்மா, வேலை ஜாஸ்தி"னு போட்டேன். அன்றிலிருந்து அவளாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது பதினாறாம் தேதி பௌர்ணமிக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். "கிரிவலம் சுத்திட்டு நேரா உங்க வூட்டுக்குத்தான் டீச்சர். கால் வலிக்கும், சுடுதண்ணி போட்டு வைங்க" என்று எழுதியிருக்கிறார்.

நேற்று பூட்டை எடுத்துவிட்டு, உண்மையை எழுத உட்கார்ந்தேன். ஒரு எழுத்தும் வரவில்லை. அவளை எடுத்த அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. நீங்களே பார்த்தீர்கள்.

உங்களையும் அந்தப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். விவரம் பின்பக்கம் இருக்கிறது. அவர்கள் வருவதற்குள் அவள் கேள்விக்குக் கீழே, அவள் அண்ணனாக நாலு வரி போடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்க மொதல்ல எழுதுங்க மச்சான். பாத்துட்டு நான் எழுதுறேன்.

உங்கள்
இளஞ்செழியன்