மழைக்கு எந்த எழுத்து

வியாழன், இரவு.

மாலையில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். யாருக்கோ வந்த மிரட்டல் எங்கள் வீட்டு வைஃபை வழியாகப் போயிருக்கிறதாம். இணைப்பு மகன் ரமேஷ் பெயரில் இருக்கிறது. நாளை காலை அவன் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

பழைய பாஸ்வேர்டு murugan1. எட்டே எழுத்து. வாசலில் மயில் படம் மாட்டிய வீட்டில் வேறென்ன வைத்திருப்பார்கள் என்று எவனும் ஊகிக்கலாம். புதியது நீளமாக வேண்டும், மறக்கவும் கூடாது. தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் எனக்கே சொல்லிக்கொண்டேன்: ஒரு பூ உதிரும், சரமாகக் கட்டினால் நிற்கும். மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தேன். இருபதைத் தாண்டியது. முதல் சொல் மழை. மற்றதை இங்கே எழுத மாட்டேன்.

"அம்மா, கனெக்ட் ஆகல."

பார்த்தால் malai என்று அடித்திருக்கிறான்.

"அது ஹிந்திக்காராளோட பாலாடைடா! ழவுக்கு zh போடு."

"பம்பாய்ல யாரும்மா zh போடுவா? திருடனை விடு, வீட்டு மனுஷாளே உள்ள வர முடியாது."

நாளைக்கு நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ வந்தா இன்ஸ்பெக்டருக்கும் ழ சொல்லிக் கொடுப்பே."

சிரித்துக்கொண்டேதான் படுக்கப் போனான். அவன் அறையில் விளக்கு இன்னும் எரிகிறது.