பச்சைப் புடவைக்குப் பின்னால்

ஜூன் 4

அன்பு வண்டுக்கு,

நீ படம் எடுக்க வந்த அன்றைக்கு என் வீட்டில் இருந்தவர்கள்: உன் அப்பா, உன் அம்மா, வேன்காரர், அவரோடு வந்த மீசைக்காரன், எதிர் வீட்டுத் தையல்காரி, நீ, நான். செம்பருத்தியில் உட்கார்ந்திருந்த தேனீயையும் சேர்த்துக்கொள். எனக்கு எழுத்துதான் தடுமாறும், ஞாபகம் தடுமாறாது.

நீ என் தோட்டத்தில் மண்டி போட்டுப் படம் எடுத்தாய். பூவுக்குப் பின்னால் பஞ்சு மாதிரி மங்கலாகப் பச்சை தெரியவேண்டும் என்று என் பச்சைப் புடவையை என்னையே விரித்துப் பிடிக்கச் சொன்னாய். என் முகத்துக்கு நேரே புடவை, முதுகுக்குப் பின்னால் வாசல். அங்கே தடால் தடால் என்று சத்தம். "என்னடி அது?" என்றேன். "திரும்பாத பாட்டி, தேனீ பறந்துடும்" என்றாய். நடுவில் ஒரு தடவை கை சோர்ந்து புடவை சரிந்தது. "கையை இறக்காத பாட்டி!" என்று கத்தினாய். தோள் கழன்றுவிடும் போல ஆகும் வரை நின்றேன். திரும்பினால் என் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் வேனில். "கூரை ஒழுகுதும்மா, ஒரு வாரம் எங்ககூட இரு" என்றான் உன் அப்பா.

அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. ஐந்தாவது மாடி. இருவரும் வேலைக்குப் போகும்போது கம்பிக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். "எங்கயாவது விழுந்துட்டா யாரு பாக்குறது அத்தை?" என்கிறாள் உன் அம்மா. உள்ளே விழுந்தால் மட்டும் யார் பார்ப்பார்களாம்? உன்னோடு போனில் பேசினால் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால் இதைக் கம்பி வழியாக இஸ்திரிக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலை அவர் கடைக்கே போடு.

இந்த வீட்டுச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது. வந்து கதவைத் திற. என்னை என் வீட்டில் விட்டுவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

நான் திரும்பினபோது தையல்காரி தன் வாசலில் கல்லாட்டம் நின்றாள். எல்லாம் பார்த்தும் வாய் திறக்கவில்லை. இனி அவள் முகத்தில் விழிக்கமாட்டேன்.

உன் பாட்டி


ஜூன் 13

செல்லப் பாட்டிக்கு,

இந்தக் காலத்தில் எந்தப் பாட்டி கடிதம் எழுதுகிறாள்? ஆபீஸில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

நம் தேனீப் படம் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது! பார்க்கிறவர்கள் எல்லாம் "பின்னாடி அந்தப் பச்சை எப்படி வந்துச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். என் பாட்டியின் புடவை என்று சொல்வேனா? தொழில் ரகசியம்.

சாவி இருக்கிறது பாட்டி. ஆனால் அப்பாவை மீறி எப்படி? அதோடு அந்த வீடு கைமாறிவிட்டதே, அப்பா சொல்லவில்லையா? எனக்கே அப்புறம்தான் தெரியும். அன்றைக்கு அந்தத் தேனீயைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை, சத்தியமாக. கண்காட்சி முடிந்ததும் ஓடிவருகிறேன்.

முத்தங்களுடன்
வண்டு


ஜூன் 20

வண்டுக்கு,

கைமாறிவிட்டதா. நேற்றுக்கூட உன் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "கூரை வேலை நடக்குதும்மா" என்றான்.

காலையில் ஒரு தேனீ உள்ளே வந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டே கிடந்தது. டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, ஜன்னலில் கட்டியிருக்கும் புறா வலை வழியாக விட்டேன். அது போய்விட்டது. வலைக்கு இந்தப் பக்கம் நான்.

வீடு போனால் போகட்டும். கதவைத் திற. அன்றைக்கு எடுத்த படம் அத்தனையும் அனுப்பு. கெட்டுப்போனதையும் அனுப்பு. என் தோட்டத்தை இனி அதில்தானே பார்க்கவேண்டும்?

பாட்டி


ஜூன் 29

அன்புப் பாட்டிக்கு,

எல்லாப் படமும் பிரிண்ட் போட்டு இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன், எடுத்த வரிசையிலேயே. கடைசிப் படத்தில் உன் புடவை சரிந்துவிட்டது. பின்னால் கலர் கலராய் ஏதோ திட்டுகள், ஒன்றும் புரியாது. லென்ஸ் அப்படி. ஆனால் தேனீயைப் பார், சிறகில் நரம்புகூடத் தெரிகிறது!

போன கடிதத்தில் 'அன்பு' காணோமே. கோபமா?

உன் வண்டு


ஜூலை 6

வண்டுக்கு,

சிறகு நரம்பைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மற்றதெல்லாம் உனக்குத்தான் திட்டு. என் சாமான் எனக்குத் தெரியாதா? காப்பிக் கலரில் நீளமாக இருப்பது என் கட்டில். சிவப்பு, வேன். வெள்ளை, உன் அப்பாவின் சட்டை. அதை ஒட்டி ஒரு மஞ்சள். அன்றைக்கு மஞ்சள் கட்டியிருந்தவள் தையல்காரி ஒருத்திதான். அவள் தன் வாசலில் இல்லை. நம் கேட்டைத் தாண்டி, பாதி வழி வந்திருக்கிறாள். அவளுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கை. என்னிடம் சொல்லத்தான் ஓடிவந்திருக்கிறாள். உன் அப்பாதான் மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான். கூப்பிட்டிருப்பாள், வேன் உறுமலில் எனக்குக் கேட்கவில்லை. அவளைப் போய் இத்தனை நாள் கரித்துக்கொட்டினேன்.

இஸ்திரிக்காரரிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். "மிஷினைத் தள்ளிப் போட்டா பாய் விரிக்க இடம் இருக்கு, உடனே கிளம்பி வரச் சொல்லுங்க" என்றாளாம்.

இப்போது உன் விஷயம். என் முதுகுக்குப் பின்னால் நடந்ததை நான் பார்த்திருக்க முடியாது. உன் முகத்துக்கு நேரேதான் வாசல். புடவை சரிந்ததும் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினாய். நான் பார்த்தேன். நீ வாசலைப் பார்த்தாய். பிறகுதான் "கையை இறக்காத பாட்டி" என்றாய். இதுதான் கடைசிப் படம் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்கப்புறம் ஒன்றுகூட எடுக்கவில்லை. பின்னே எந்தத் தேனீக்காக என்னை அவ்வளவு நேரம் நிற்கவைத்தாய்?

சாவியை இஸ்திரிக் கடைக்கு அனுப்பு. நீ வரவேண்டாம்.

வேன்காரரும் மீசைக்காரனும் கூலிக்குத் தூக்கினார்கள். உன் அம்மா என்னைப் பிடிக்கும் என்று ஒருநாளும் பொய் சொன்னதில்லை. உன் அப்பனை நான் பெற்றேன், திட்டித் தீர்த்து ஒருநாள் விட்டுவிடுவேன். மன்னிக்க முடியாதவள் ஒருத்திதான்.

நீதான், வண்டு.