பேருந்து நிறுத்தத்தில் ஒட்டிய முகம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அவளுடைய முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் எங்களுக்குச் சோறு இறங்குகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், இது அப்படி வைத்துவிடுகிற விஷயம் இல்லை, அதனால் சலூனைச் சீக்கிரம் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போடச் சொல்லி மாநகராட்சியைக் கேட்கிற இயக்கத்தில் நான் சேர்ந்தது உனக்குத் தெரியும். சவரத்துக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதற்குள் கையெழுத்து வாங்கிவிடுவேன், கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மாட்டேன் என்பார்கள் என்று அம்மா கேலி செய்வாள். அது நல்ல காரியம்தான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். முடி வெட்டும்போதே பசியில் தலை சுற்றிச் சாய்ந்த பிள்ளைகளை இந்தக் கையால் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

போன மாதம் சுவரொட்டிக்கு ஒரு பிள்ளையின் படம் வேண்டும் என்றார்கள். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, சலூனுக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிற வாயாடியைச் சொன்னேன். எட்டு வயது, கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி துவைக்கிறவள், தனி ஆளாக வளர்க்கிறவள், முதலில் தயங்கினாள், பிள்ளையை நல்லபடியாகக் காட்டுவார்கள், நான் பொறுப்பு என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். அவள் சீருடையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டு அனுப்பினாள், நான் முடியை ஒழுங்காக வெட்டி நேர்வகிடு எடுத்துப் படியச் சீவிவிட்டேன், பிள்ளை மூன்று தரம் கண்ணாடி பார்த்தாள்.

இயக்க அலுவலகத்தில் பொறுப்பாளர் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவ்ளோ சுத்தமா இருந்தா பசிக்கிற பிள்ளைன்னு யாருங்க நம்புவாங்க என்றார். இரண்டு கையாலும் நான் சீவிய தலையைக் கலைத்தார். படம் எடுக்கிறவன் ஜன்னல் கட்டையில் இருந்த தூசியைத் தொட்டுக் கன்னத்தில் தேய்த்தான். ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டு ஊமைக்கோட்டான் மாதிரி நின்றேன். அவ்வளவு பேசுகிற பிள்ளை, ஷூவ எப்ப மாமா போட்டுக்கலாம் என்று மட்டும் கேட்டாள்.

பேருந்து நிறுத்தம் எல்லாம் அவள் முகம்தான், கீழே இவள் இன்றும் சாப்பிடவில்லை என்று கொட்டை எழுத்தில். வகுப்பில் அவளுக்குப் பட்டினி என்று பெயர் வைத்துவிட்டார்கள், கடித்த பன்னை யாரோ அவள் மேசையில் வைத்திருக்கிறார்கள். பத்து நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் அம்மா கடைக்கு வந்தாள், சத்தம் போடவில்லை. என் பிள்ள ஒருநாள்கூட பசியோட பள்ளிக்கூடம் போனதில்லண்ணே, நான்தான் பசியோட வேலைக்குப் போயிருக்கேன் என்றாள். அதற்குப் பிறகு நான் தட்டினால் கதவு திறப்பதில்லை.

அலுவலகத்துக்குப் போய்ப் படத்தை எடுக்கச் சொன்னேன். ஒரு பிள்ளைக்கு மனசு கஷ்டம்தான், ஆனா ஆயிரம் பிள்ளைங்க சாப்பிடும்ல என்று சொல்லி டீ கொடுத்தார் அந்த அம்மா. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பிள்ளையின் முகத்தில் அழுக்கைத் தேய்த்துவிட்டு அதைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற கூட்டத்தை என்னவென்று சொல்வது. அவர்களைச் சொல்லி என்ன, ஷூவைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கையெழுத்துத் தாள் இன்னும் கண்ணாடிப் பக்கத்தில்தான் தொங்குகிறது, பிள்ளைகளின் சாப்பாட்டின் மேல் எனக்கென்ன கோபம்.

நாலு நாளாகக் கடை திறப்பதற்கு முன்னால் தண்ணீர் பீய்ச்சுகிற பாட்டிலும் பழைய சவரக்கத்தியுமாகக் கிளம்பிவிடுகிறேன். தாடியைப் போலவே நன்றாக ஊறவிட்டுச் சுரண்டினால் சுவரொட்டி சுத்தமாக வந்துவிடுகிறது. என்ன பெரியவரே, சுவருக்குச் சவரமா என்று ஒரு பேருந்து ஓட்டுநர் கேட்டார், ஆமாம் என்றேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை இப்போது ஒன்றுகூட இல்லை.

எல்லாம் முடிந்தது என்றிருந்தேன், நேற்று உன் அம்மா போனைக் காட்டினாள். நீ அந்தப் படத்தைப் போட்டு, என் அப்பா பாடுபடுவது இவளுக்காகத்தான் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கீழே எத்தனையோ பேர் அழுகிற முகம் போட்டிருக்கிறார்கள், அதில் உன்னோடு படித்த சிநேகிதியும் ஒருத்தி, அவள் மகள் வாயாடியின் வகுப்புதான். உன்மேல் கோபமில்லை கண்ணு, தெரியாமல் செய்தாய், நான் தெரிந்தே நின்றேன். ஆனால் அவ்வளவு தூரம் என் கத்தி எட்டாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை நனைக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா

மறக்காதே, படித்த கையோடு அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல். அதன் பிறகுதான் நான் மாடி ஏறி அந்தக் கதவைத் தட்டுவேன்.