டீ வேண்டாம் என்ற பெண்கள்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இன்றும் பால் மிஞ்சிவிட்டது. முத்துப்பேட்டை படகுத்துறையில் டீக்கடை நடத்த வனத்துறை எனக்கு ஓராண்டு உரிமம் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. அலையாத்திக் காடு பார்க்க ஜனம் வருகிறது, படகு ஏறுகிறது, போகிறது. ஆண்கள் நாலு பேர் குடிக்கிறார்கள். பெண்கள் கடைப்பக்கம் திரும்புவதே இல்லை. என் டீ அவ்வளவு மோசமா?

என் வீட்டுக்காரர் — பாசித் என்று பெயரை எழுத இங்கே மட்டும்தான் எனக்குத் துணிச்சல் — துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். பிப்ரவரி ஒன்பதுக்குள் திரும்பாவிட்டால் விசா போய்விடும். கடை ஓடினால் இங்கேயே இருந்துவிடலாம் என்று வந்த அன்று சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜனவரி 8

இஞ்சியைக் கூட்டினேன். ஏலக்காய் தட்டிப் போட்டேன். ம்ஹூம்.

ஜனவரி 12

துபாய்ப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். கேட்டால், "தூசியா இருந்துச்சு" என்கிறார்.

ஜனவரி 16, காணும் பொங்கல்

நல்ல கூட்டம். மன்னார்குடிப் பெண் ஒருத்தி பிள்ளைக்கு பிஸ்கட் மட்டும் வாங்கினாள். சும்மாவே குடிங்க என்று டீயை நீட்டினேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ வேணாங்க. வீட்டுலேர்ந்து அடக்கிக்கிட்டு வர்றோம். இன்னும் மூணு மணி நேரம் படகு வேற. நடுத் தண்ணில எங்க ஒதுங்குறது?"

அட அல்லாஹ்! தஞ்சாவூர் பஸ் ஏறும் நாளில் நான் மட்டும் தண்ணீர் குடிக்கிறேனா? இது தெரியாமல் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 18

துறையில் கழிப்பறை கட்டலாமா என்று வனக்காவலரிடம் கேட்டேன். "காப்புக்காடும்மா. ஒரு செங்கல்லு வைக்க விடமாட்டாங்க" என்றார். எங்கள் வீடு துறைக்கு எதிரேதான். கொல்லைப்பக்கம் கக்கூஸ் இருக்கிறது. மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 19

சொன்னேன். "ஊருப் பொம்பளையெல்லாம் நம்ம வூட்டுக்குள்ளயா? பஸ் ஸ்டாண்டுன்னு போர்டு மாட்டிடு!" மாமி மத்தியானம் சாப்பிடவில்லை. இவர் சாப்பிட்டுவிட்டுத் துறைப்பக்கம் நழுவிவிட்டார். பெத்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசினா என்ன, வாயில என்ன கொழுக்கட்டையா? போகட்டும் துபாய்க்கே — ஐயோ, என்ன எழுதுகிறேன்.

ஜனவரி 26

படகிலிருந்து இறங்கிய கர்ப்பிணி ஒருத்தி முகம் வெளுத்து நின்றாள். எங்கே போவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் எழுவதற்குள் மாமி கதவைத் திறந்துவிட்டார். "உள்ள வாம்மா. செருப்போடயே வா, பரவால்ல." பின்னாலேயே ஆறேழு பெண்கள். நான் மாமி முகத்தைப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்த எல்லோரும் உட்கார்ந்து டீ கேட்டார்கள்.

பால் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 2

படகோட்டி வைரக்கண்ணு அண்ணன், ஏறும் முன்பே பெண்களை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். மாமி வாசலில் நாற்காலி போட்டு, "எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்காமல் ஒருத்தியையும் உள்ளே விடுவதில்லை. கடை ஓடுகிறது.

இவர் டிக்கெட் போட்டாரா? கேட்கப் பயம். கேட்டால் நானே ஞாபகப்படுத்தியது போல ஆகிவிடும்.

பிப்ரவரி 7

பெட்டி கட்டிலடியில் இருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. திறக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

தேதி எழுதும்போதுதான் உறைத்தது. நேற்று ஒன்பது! இரண்டு காலேஜ் பஸ் வந்ததில், "மச்சான், தண்ணி! மச்சான், பால்!" என்று நாள் முழுக்க இவரை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓடிப்போய்ச் சொன்னேன். "தெரியும்" என்றார்.

"அப்ப அந்தப் பெட்டி?"

இழுத்துத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாக டீத்தூள் பாக்கெட்டுகள்.

"கடல் காத்துல நமத்துப் போவுது. இதுல ஈரம் படாது" என்றார்.