வந்தவருக்கு ஒரு டீ

என் மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடைத் தம்பி எழுதுகிறார். அம்மாவின் ஊசியை ஏன் நிறுத்தினார்கள் என்று போனில் கேட்டாய். அவள் பக்கத்தில் இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை.

லட்சத்தில் ஒருத்தருக்கு வரும் வியாதியாம், நேரில் பார்த்தால்தான் நம்புவோம் என்று ஊசிக்குப் பணம் கட்டும் இன்சூரன்ஸ்காரர்கள் ஓர் ஆளை அனுப்பினார்கள். "அவர் போற வரைக்கும் கட்டிலை விட்டு எழுந்திரிக்காதே" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்பாளா உன் அம்மா? "வீடு தேடி வந்த மனுஷன் வெறும் வாயோட போறதா?" என்று சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் டீ போட்டாள். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டாள். "பிரமாதம்மா" என்று சப்புக்கொட்டிக் குடித்தார் அந்தப் புண்ணியவான். போனவர், நோயாளி நடக்கிறார், சமைக்கிறார், ஊசி தேவையில்லை என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் தலை தூக்கவில்லை. அதை யார் வந்து பார்த்தார்கள்?

நீ அவளைத் திட்டாதே. நான் திட்டியதே போதும்.

ஊசி இல்லாமலே நாலு மாதம் ஓடிவிட்டது. நான் நாயாய் அலைந்த பிறகு மறுபடி ஆள் அனுப்புகிறார்களாம், வியாழக்கிழமை. இந்தத் தடவை எழுந்திரிக்காதே என்று அவளிடம் சொல்ல வேண்டிய வேலை எனக்கு இல்லை.

அப்பா