முட்டு பிரித்த திங்கட்கிழமை

புதன்கிழமை காலை

என் பிரியமானவளுக்கு,

வழக்கமாக ஸ்தோத்திரம் சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்குவேன். இன்று கை வரவில்லை. நீ சாப்பிட்டாயா? ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடக்காதே. உன் தம்பியை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரமாவது கண்ணை மூடு.

நேற்று இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போய் போன் செய்தேன். உன் தம்பிதான் எடுத்தான். நீ என்னோடு பேச மாட்டேன் என்றாயாம். பிள்ளை பைக்கில் விழுந்து, மெஷின் கொடுக்கும் மூச்சில் கிடக்கிறான். அப்போது கடல் தாண்டி ஆலயம் கட்டப் போனவனிடம் என்ன பேசுவது? உன் கோபம் நியாயம்தான். முன்பே பேர் கொடுத்துவிட்டேன், போகாவிட்டால் கர்த்தர் அவனைக் கைவிட்டுவிடுவாரோ என்று பயந்தேன். குழுவில் வந்த வாத்தியார் காய்ச்சல் தாங்காமல் இன்றே திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கும் டிக்கெட் கேட்டுப் பார்த்தேன், சனிக்கிழமைக்கு முன்னால் இல்லை.

வந்த பன்னிரண்டு பேரில் கொத்துக் கரண்டி பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பாங்க்காரர் மண்வெட்டியை மைக் மாதிரிப் பிடிப்பார். ஆனாலும் நல்ல மனுஷர்கள். சுவரை இந்த ஊர் ஜனங்களே நான்கு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி வைத்திருந்தார்கள். மேல்தளம் மட்டும்தான் எங்கள் பங்கு. போன வாரம் செவ்வாய்க்கிழமை கான்கிரீட் போட்டோம். இந்தத் தளம் நின்றால் மகன் எழுந்துவிடுவான் என்று அன்றைக்கு மனசுக்குள் ஒரு பேரம் பேசினேன்.

இந்தத் திங்கட்கிழமை குழுத் தலைவர் தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்புகளைப் பிரிக்கச் சொன்னார். கான்கிரீட் இறுக இருபத்தொரு நாள் முட்டு நிக்கணும், இன்னும் ரெண்டு வாரமாவது பொறுங்க என்றேன். நாம சனிக்கிழமை கிளம்பணுமே, பிரதிஷ்டை பண்ணாம எப்படிப் போறது, விசுவாசம் இல்லையா அண்ணே என்றார். முதல் ஜெபமே உங்க பையனுக்குத்தான் என்றும் சொன்னார். அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். முப்பது வருஷத் தொழிலில் ஒரு நாளும் செய்யாததை என் கையாலேயே செய்தேன். ஒவ்வொரு கம்பாகத் தட்டி எடுத்தேன்.

அவன் பேரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தபோதே தளம் நடுவில் தொய்ந்தது. விரிசல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடியது. எல்லோரும் வெளியே ஓடித் தப்பித்தோம். இனி முட்டுக் கொடுத்துப் பயனில்லை, இடிக்கத்தான் வேண்டும். மேலே பிளந்துபோன அந்த நான்கு வருஷச் சுவரை இந்த ஊர் மேஸ்திரி தடவிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. உங்களுக்குத் தெரியும்ல என்று மட்டும் கேட்டார். அதைத் தலைவர்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மெஷினை எடுத்துவிடலாம் என்கிறாராமே டாக்டர். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எனக்கும் நம்பிக்கை அற்றுப்போய்விட்டது. யாரிடமும் பேரம் பேச இனி என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் விழுந்து இன்றோடு பதினெட்டு நாள். சனிக்கிழமை நான் வந்து நிற்கும்போது இருபத்தொன்று ஆகிவிடும். அதுவரை கையெழுத்துப் போடாதே. அதற்கு மேல் நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். எடுக்கத்தான் வேண்டும் என்றால் நானும் பக்கத்தில் நிற்கிறேன், நீ தனியாக நின்று பார்க்க வேண்டாம்.

கர்த்தர் உன்னைத் தாங்குவாராக. அவர் தாங்காவிட்டாலும், சனிக்கிழமை வரை நீ அவனைத் தாங்கிக்கொள்.

உன் கொத்தனார்